பனியில் பதிந்த தடம் ஏன் படத்தில் காணாமல் போகிறது?

கேள்வியின் சுருக்கம் இது: "ஜனவரியில் டொராண்டோவிலிருந்து கனடாவின் அல்கோன்குவின் வனப் பூங்காவுக்குப் போனேன். மேகமூட்டமான நண்பகல். காட்டுப் பனி முழுக்க விலங்குத் தடங்கள். நேரில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தவை படத்தில் சாம்பல் நிறமாக, தட்டையாக விழுந்திருக்கின்றன. கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் என் உள்ளங்கை அளவுக்கு ஒரு தடம் இருந்தது. அது ஓநாயா நாயா? இன்னொரு தடம் இரண்டு பெரிய பாதம், இரண்டு சிறிய பாதம் என்று நாலு நாலாகப் போனது. சிறிய பாதங்கள் இருந்த பக்கமாக 200 மீட்டர் தொடர்ந்து போயும் விலங்கைக் காணவில்லை. ஒரு புதரில் குச்சிகள் கத்தியால் சீவியதுபோல் இருந்தன, அவ்வளவுதான். எங்கே தவறினேன்?"

முதலில் சாம்பல் நிறத்தை முடித்துவிடுவோம், அது சுலபம். கேமராவின் மீட்டர் தன் முன்னால் இருப்பது எதுவானாலும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் என்று எண்ணித்தான் கணக்குப் போடும். படச் சட்டம் (ஃப்ரேம்) முழுக்க வெள்ளைப் பனி இருந்தால், "இவ்வளவு வெளிச்சம் ஆகாது" என்று குறைத்துவிடும். ஆகவே எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, நாம்தான் கூட்ட வேண்டும். மேகமூட்டத்தில் ஒன்றரை ஸ்டாப்பிலிருந்து இரண்டு வரை கூட்டலாம் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்காகும்). வெயில் இருந்தால் நான் ஒரு ஸ்டாப்போடு நிறுத்திக்கொள்வேன், அதிகம் போனால் ஒன்றேகால். நிலக்காட்சிக்குப் பனி பளிச்சென்று இருந்தால் போதும். தடத்துக்கு அது போதாது. பனித்துகள் ஒவ்வொன்றின் சொரசொரப்பும் மிஞ்சியிருந்தால்தான் விரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே உள்ள மேடு தெரியும். வெள்ளை ஒரேயடியாக வெளுத்துப்போனால் அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. கேமரா திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தை நெருங்கலாம், முட்டக் கூடாது. கேமரா பதிவதை அப்படியே சேமிக்கும் RAW கோப்பாக எடுங்கள். செல்பேசி என்றால் பனியின் மேல் விரலை வைத்து அழுத்தி, வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள்.

தட்டையாக வந்ததற்குக் காரணம் வேறு, அதை எக்ஸ்போஷரால் சரிசெய்ய முடியாது. வெள்ளைப் பனியில் பதிந்த தடமும் வெள்ளைதான். பள்ளத்துக்கும் மேட்டுக்கும் நிற வித்தியாசம் கிடையாது. நாம் தடம் என்று பார்ப்பது முழுக்க நிழல். மேகமூட்டத்தில் வெளிச்சம் வானம் முழுவதிலிருந்தும் சமமாக இறங்குவதால் நிழலே விழாது. நேரில் நின்றபோது உங்களுக்கு இரண்டு கண் இருந்தது, தலையை அசைத்துப் பார்த்தீர்கள், ஆழம் தெரிந்தது. கேமராவுக்கு ஒற்றைக் கண்தான்.

அதனால் வெளிச்சம் பக்கவாட்டில், தரையைத் தடவிக்கொண்டு வருவதுபோல் வர வேண்டும். இந்த விஷயத்தில் வடக்கத்திக் குளிர்காலம் நமக்குச் சாதகம். அல்கோன்குவின் ஏறத்தாழ 45.5 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன்கூட அடிவானத்திலிருந்து 21 டிகிரிக்கு மேல் ஏறாது. நம் ஊரில் காலை எட்டு மணிக்குப் பார்க்கிற சாய்வு வெயில், அங்கே நாள் முழுக்க. ஆனால் பகலே எட்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அடர்ந்த காட்டுக்குள் மரநிழல் திட்டுத் திட்டாக விழுந்து தடத்தைக் குழப்பும். ஆகவே நான் காட்டின் விளிம்பு, ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களுக்கு நடுவே உள்ள சதுப்புவெளி, பூங்கா நிர்வாகம் பனி தள்ளிவைக்கும் பாதையோரம் இப்படிப்பட்ட இடங்களில்தான் நேரத்தைச் செலவழிப்பேன். விலங்குகளும் அந்த விளிம்புகளில்தான் அதிகம் நடமாடும்.

வெயிலே இல்லாத நாளில் என்ன செய்வது? கேமராவிலிருந்து கழற்றிய ஃப்ளாஷை, பனியிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்து அடியுங்கள். நல்ல டார்ச் லைட்கூடப் போதும். குற்றம் நடந்த இடத்தில் பனியில் பதிந்த செருப்புத் தடத்தைப் போலீசார் படமெடுப்பதும் இதே முறைதான். கேமரா நேர் மேலே, விளக்கு தாழ்வாகப் பக்கத்தில், பக்கத்திலேயே ஓர் அளவுகோல். அவர்கள் மாறுபாட்டைக் கூட்ட நிறமுள்ள மெழுகையோ பெயின்டையோ தூவுவதும் உண்டு. காட்டில் நாம் அதைச் செய்யக் கூடாது. வெளிச்சத்தைப் பிடிக்கக் கற்றுக்கொண்டால் அதற்குத் தேவையும் இல்லை.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று. படத்தில் வெளிச்சம் கீழ்ப்பக்கத்திலிருந்து வந்தால் பள்ளமான தடம் புடைத்த மேடாகத் தெரியும். வெளிச்சம் எப்போதும் மேலிருந்து வரும் என்று நம் மூளை பழகியிருப்பதால் வரும் மயக்கம் அது. நிலாவின் பள்ளங்களைப் படத்தில் பார்க்கும்போதும் இதே குழப்பம் நேரும். எடுத்த படம் மேடாகத் தோன்றினால் 180 டிகிரி திருப்பிப் பாருங்கள், சட்டென்று பள்ளமாகிவிடும். எடுக்கும்போதே சூரியன் சட்டத்தின் மேல்பக்கம் இருக்கும்படி நின்றுகொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

நிழல் நீலமாக விழுவதைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். வெயில் படாத பள்ளத்துக்கு வெளிச்சம் தருவது நீல வானம். அதனால் அந்த நீலம் உண்மையான நிறம்தான். கேமராவின் நிறச் சமன் அமைப்பான வொயிட் பேலன்ஸைப் பகல் வெயிலுக்கு வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். நிழலை வெள்ளையாக்கப் போனால் வெயில் பட்ட பனி மஞ்சளாகிவிடும்.

சரி, ஓநாய் விஷயத்துக்கு வருவோம். "உள்ளங்கை அளவு" என்பதை வைத்து என்னால் எதுவும் சொல்ல முடியாது, ஏனென்றால் உங்கள் உள்ளங்கை எவ்வளவு என்று படத்தில் இல்லை. அங்கே வாழும் கிழக்கு ஓநாய் என்ற வகையின் பாதத்தடம் பொதுவாக 9-லிருந்து 11 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஓநாயைவிடச் சிறிய அதன் உறவினமான கயோட்டிக்கு ஆறரை, ஏழு. செந்நரிக்கு ஐந்து, ஆறு. வீட்டு நாய் இதில் எந்த அளவிலும் வரும். நான்கு விரல், நக முனை, நடுவே குறுக்குமறுக்காக ஓடும் பனி மேடு எல்லாம் நாய்க்கும் ஓநாய்க்கும் ஒன்றுதான். ஒற்றைத் தடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் விடை கிடைக்காது.

தடங்களின் வரிசையைப் பார்த்தால் கிடைக்கும். காட்டில் வாழும் ஓநாயோ நரியோ குளிர்காலத்தில் ஓர் அடியையும் வீணாக்காது. முன்கால் பதிந்த பள்ளத்திலேயே பின்காலை வைக்கும், நூல் பிடித்ததுபோல் நேராகப் போகும். நரியின் வரிசை சில இடங்களில் ஒற்றைக்கால் பிராணி ஒன்று குதித்துப் போனதோ என்று தோன்றுமளவுக்கு நேராக இருக்கும். வீட்டு நாய்க்கு இரவு வீட்டுக்குப் போனால் கிண்ணத்தில் சாப்பாடு இருக்கும். அது வளைந்து ஓடும், திரும்பி வரும், முன்கால் ஓரிடம் பின்கால் ஓரிடம் என்று வைக்கும், பக்கத்தில் பூட்ஸ் தடமும் இருக்கும். நீங்கள் பார்த்தது கார் நிறுத்துமிடம் அருகே. பூங்காவுக்குள் கயிற்றில் கட்டிய நாயைக் கூட்டிவர அனுமதி உண்டு. பக்கத்தில் மனிதத் தடம் இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இருந்திருந்தால் நாய் என்றுதான் நான் சொல்வேன்.

ஒற்றைத் தடத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. 1951-இல் எவரெஸ்ட் வழிதேடும் பயணத்தில் பிரிட்டிஷ் மலையேறி எரிக் ஷிப்டன் இமயமலையின் மென்லுங் பனிப்பகுதியில் ஒரு தடத்தின் பக்கத்தில் பனிக்கோடாலியை வைத்துப் படமெடுத்தார். கூர்மையான படம், அளவுக்குக் கோடாலியும் இருக்கிறது. ஆனாலும் அது யெட்டி எனப்படும் பனிமனிதனா, கரடியா, வெயிலில் உருகி விரிந்த வேறு தடமா என்ற விவாதம் இன்றுவரை தீரவில்லை. அதே தடத்துக்கு முன்னாலும் பின்னாலும் இருந்த பத்துத் தடங்கள் அதே தெளிவோடு கிடைத்திருந்தால் விவாதம் எவ்வளவோ சுருங்கியிருக்கும். இந்தியாவிலும் புலிகளைப் பாதத்தடம் வைத்துத்தான் பல ஆண்டுகள் எண்ணினோம். ஒடிசாவின் வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி 1960-களில் உருவாக்கிய முறை அது. தடத்தைக் கண்ணாடியில் வரைந்து, ஒவ்வொரு புலியையும் தனித்தனியாக அடையாளம் காண்பார்கள். 2005-இல் ராஜஸ்தானின் சரிஸ்காவில் புலியே மிஞ்சவில்லை என்று வெளிவந்தபோது அந்தக் கணக்கின் மேல் இருந்த நம்பிக்கை போனது. அப்புறம் தானியங்கிக் கேமராக்கள் வந்தன.

அதனால் ஒரு தடத்தைக் கண்டால் நான் மூன்று விதமாக எடுப்பேன். நேர் மேலிருந்து ஒன்று, சென்சாரும் பனிப்பரப்பும் இணையாக இருக்கும்படி. சாய்வாக எடுத்தால் வட்டப் பாதம் நீளமாகி, பூனை இனம் நாய் இனமாகிவிடும். அளவுகோலை வைக்கும்போது ஒரு நுணுக்கம். பனியின் மேற்பரப்பில் வைக்கக் கூடாது, பக்கத்தில் சின்னதாகக் குழி பறித்துத் தடத்தின் அடி எந்த ஆழத்தில் இருக்கிறதோ அதே ஆழத்தில் வைக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் ஆழமான தடத்துக்கு மேலே அளவுகோலை வைத்தால், கேமராவுக்கு அருகில் இருப்பதால் கோல் பெரிதாகவும் தடம் சிறிதாகவும் விழும். வெள்ளை அளவுகோல் பனியோடு கலந்துவிடும், மஞ்சள் நல்லது. இரண்டாவது படம் விலங்கு ஒரு முழுச் சுற்று கால் மாற்றி வைத்த தூரம், குறைந்தது நாலைந்து தடம் அடங்கும்படி. மூன்றாவது, தரையோடு தரையாகப் படுத்து, அது எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று காட்டுவது. மரம், சரிவு, தூரத்து ஏரி எல்லாம் அதில் வர வேண்டும். என் கணினியில் தடம் பற்றிய படங்களில் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது இந்த மூன்றாவது வகையைத்தான்.

ஆட்டோஃபோகஸ் வெள்ளைப் பரப்பில் தடுமாறும். தடத்தின் விளிம்பில், நிழல் தொடங்கும் கோட்டில் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8 அல்லது 11. ட்ரைபாட் காலைப் பனியில் அழுத்தி இறக்கிவிட்டுத்தான் விரிக்க வேண்டும், முதலிலேயே அகல விரித்துவிட்டு அழுத்தினால் கால் முறியும். மாற்று பேட்டரி உடம்போடு ஒட்டிய உள்பையில் இருக்கட்டும். காருக்குள் நுழையும் முன் கேமராவைக் காற்றுப் புகாத பையில் போட்டு மூடிவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே வந்ததும் வியர்த்துவிடும்.

எப்போது போவது என்பது எந்தக் கேமரா என்பதைவிட முக்கியம். இறுகிய பழைய பனியின் மேல் ஓரிரு சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்து, காற்றில்லாமல் ஓர் இரவு கழிந்திருக்க வேண்டும். அந்த இரவில்தான் விலங்குகள் எழுதும். பனி கொட்டி முடித்த அதே மணி நேரத்தில் போனால் வெறும் தாள்தான் கிடைக்கும். முழங்கால் ஆழப் பொடிப்பனியில் பாத அமைப்பு தெரியாது, குழிகள்தான் தெரியும். அப்போது நடையைப் படமெடுங்கள். இரண்டு இரண்டு குழிகளாகச் சற்றே சாய்ந்து போனால் அது மார்ட்டென் என்ற மரமேறும் சிறு வேட்டை விலங்கு, நம் நீலகிரி மார்ட்டெனின் சொந்தக்காரன். நாலு குழியும் மரத்தடியில் தொடங்கி மரத்தடியில் முடிந்தால் அணில். ஆளுயரத்துக்கு மேலான மூஸ் மானின் நீண்ட கால்கள் நம் இடுப்பளவுப் பனியிலும் ஒரு மீட்டருக்கு ஒரு குழியாகத் தோண்டிக்கொண்டு போகும். பழைய தடத்தில் இன்னொரு விந்தை பார்க்கலாம். மிதிபட்டு இறுகிய பனி அப்படியே நிற்க, சுற்றியிருக்கும் தளர்ந்த பனியைக் காற்று வாரிக்கொண்டு போய்விடும். தடங்கள் சின்னச் சின்னப் பீடங்களாக எழும்பி நிற்கும்.

போன பிப்ரவரியில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். முந்தின இரவு மைனஸ் 24. ஸ்ப்ரூஸ் மர விளிம்பில் பனியில் ஒரு துளை இருந்தது, என் முஷ்டி நுழையும் அளவு. அதை நோக்கி வந்த தடம் ஒன்றுகூட இல்லை. ஒன்றரை மீட்டர் தள்ளி உடைந்து திறந்த இன்னொரு குழி. அதன் இரண்டு பக்கமும் விசிறி விரித்ததுபோல் இறகு முத்திரை. ரஃப்டு க்ரௌஸ் என்ற காட்டுக்கோழி குளிரைத் தாங்க மாலையில் பறந்துவந்து பொடிப்பனிக்குள் பாய்ந்து, உள்ளேயே கொஞ்ச தூரம் துளைத்துப் போய்த் தூங்கும். விடிந்ததும் அப்படியே வெடித்துக் கிளம்பிப் பறந்துவிடும். இரண்டாவது குழியின் அடியில் இரவு முழுக்கப் போட்ட எச்சம், வளைந்த சிறு குச்சிகளாகக் குவிந்து கிடந்தது. இறகு நுனி பட்ட இடத்தில் பனி ஒரு மில்லிமீட்டர்கூட அழுந்தியிருக்காது. கோலமாவின் மேல் விரல் நகம் பட்டுப்பட்டு எடுத்ததுபோல் ஒவ்வோர் இறகுக்கும் ஒரு மெல்லிய கோடு, இடது பக்கம் எண்ணிப் பார்த்தேன், ஏழு. சூரியன் மரங்களுக்குமேல் வரக் காத்திருந்தேன். வெளிச்சம் தாழ்வாக வந்து தொட்டதும்தான் கோடுகளுக்கு நிழல் பிறந்தது. பாயை விரித்துப் படுத்து, மூச்சு பனியில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு பன்னிரண்டு படம் எடுத்தேன். அரை மணி நேரத்தில் லேசான காற்று வந்து வலது சிறகை மூடிவிட்டது.

நரித் தடம் கிடைத்தால் அது நின்ற இடங்களைத் தேடுங்கள். நூல் பிடித்த வரிசை திடீரென்று நின்று, நான்கு காலும் சேர்ந்து அழுந்தி, அப்புறம் இரண்டு மூன்று மீட்டர் வெறும் பனி, அதன்பின் மூக்கும் முன்காலும் குத்திய குழி. பனிக்கு அடியில் ஓடும் எலியின் சத்தம் கேட்டு எம்பிப் பாய்ந்திருக்கிறது. செந்நரி இப்படிப் பாயும்போது வடகிழக்குத் திசையை அதிகம் தேர்ந்தெடுக்கிறது, அந்தத் திசையில் வெற்றியும் கூடுதல் என்று செக் நாட்டு ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்டார்கள். பூமியின் காந்தப்புலத்தை உணர்ந்து குறிவைக்கலாம் என்பது அவர்கள் ஊகம். அதைப் படித்த பிறகு ஒவ்வொரு பாய்ச்சல் குழிக்கும் திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் சேர்த்து எடுக்கிறேன்.

நீர்நாய்த் தடத்தை மட்டும் பின்தொடராதீர்கள். சில அடி குதித்து, அப்புறம் வயிற்றால் வழுக்கி, ஓடை வெட்டியதுபோல் நீண்ட பள்ளம் போட்டுப் போகும். படத்துக்கு அவ்வளவு அழகு. ஆனால் அது போய்ச் சேரும் இடம் தண்ணீர் திறந்திருக்கும் இடம், அங்கே பனிக்கட்டி மெலிந்திருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஏரியின் முகத்துவாரத்தில் இப்படிப் போய் என் வலது கால் முழங்கால்வரை உள்ளே போனது. கரைக்கு நாலடி தூரம் என்பதால் தப்பினேன். மைனஸ் 15-இல் நனைந்த காலோடு காருக்கு நடந்த இருபது நிமிடத்தை நான் மறக்கவில்லை. தெளிந்த, திடமான பனிக்கட்டியே குறைந்தது 10 சென்டிமீட்டர் இருந்தால்தான் ஆள் நடக்கலாம். ஓடை கலக்கும் இடத்திலும் நீரில் குச்சிகளால் வீடு கட்டும் பீவர் என்ற விலங்கின் வீட்டைச் சுற்றியும் அந்தக் கணக்கு செல்லாது.

இன்னொன்று, விலங்கைத் தேடித் தடத்தைப் பின்பற்றுவதையே நான் விட்டுவிட்டேன். குளிர்காலத்தில் அதற்கு ஒவ்வொரு கவளமும் கணக்கு. ஆழப்பனியில் ஒரு மூஸை நாம் ஐம்பது மீட்டர் விரட்டினாலும் அது செலவழித்த தெம்பைத் திரும்பச் சேர்க்க எத்தனையோ குச்சிகளைக் கடிக்க வேண்டும். தடம் வந்த திசையில், பின்னோக்கிப் போங்கள். அது படுத்த இடம், தின்ற இடம், சிறுநீர் விட்டு அடையாளம் வைத்த மரம் எல்லாம் அங்கேதான் இருக்கும், அதற்கும் தொல்லை இல்லை. தடத்தின் மேல் நடக்காமல் ஒரு மீட்டர் தள்ளி நடந்தால் திரும்பி வரும்போதும் எடுக்கலாம்.

கடைசியாக உங்கள் நாலு நாலான தடம். அது ஸ்னோஷூ முயல். முயல் குதிக்கும்போது சிறிய முன்கால்கள் முதலில் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையைத் தொடும், பெரிய பின்கால்கள் அவற்றைத் தாண்டி முன்னால் போய் விழும். ஆகவே பெரிய பாதம் இருக்கும் பக்கம்தான் அது போன பக்கம். நீங்கள் சிறிய பாதங்களின் பக்கமாகப் போனதால், அது வந்த வழியில் 200 மீட்டர் பின்னால் நடந்திருக்கிறீர்கள். அதனால்தான் அந்தப் புதருக்குப் போய்ச் சேர்ந்தீர்கள். முயலுக்கு மேலும் கீழும் உளிபோன்ற முன்பற்கள், குச்சியைச் சாய்வாக ஒரே வெட்டாக வெட்டும். மூஸுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லாததால் அது கடித்த குச்சி நார் நாராகப் பிய்ந்திருக்கும். நீங்கள் பார்த்தது அந்த முயல் இரவில் சாப்பிட்ட இடம். அடுத்தமுறை காலை வெயில் பக்கவாட்டில் வரும்போது, வெட்டிய குச்சி முன்னால் கூர்மையாகவும் தடவரிசை பின்னால் போவதுமாக ஒரு படம் எடுங்கள். மஞ்சள் அளவுகோலை மறக்க வேண்டாம்.